சொல்லியிருக்குதுங்க

எங்கள் எஸ்டேட் ரைட்டர் 'நான்' என்று சொல்லி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏழு வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் வராந்தாவில், ஏலக்காய் ஸ்டோரில், லயத்து வாசலில், குமுளிக் கடைத்தெருவில் அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை.

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "ஆச்சுங்க" என்பார். ஊருக்குப் போய்த் திரும்பினால் "போயிட்டு வந்தாச்சுங்க." மழையில் நனைந்து வந்து நின்றால் "நனைஞ்சு போச்சுங்க." யார் சாப்பிட்டது, யார் போய் வந்தது, யார் நனைந்தது என்பதெல்லாம் கேட்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் இருந்த பேச்சியக்கா அவரைப் போலவே தலையைச் சாய்த்துப் பேசிக் காட்டுவாள்.

"கல்யாணம் ஆச்சுங்க. பிள்ளையும் பெத்தாச்சுங்க. யாரு பெத்ததுன்னுதான் வெவரம் தெரியலீங்க."

குழாயடியில் அத்தனை பேரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே வடகரப்பதிப் பக்கத்துக்காரர். சொந்தத்தில் நிலம் உள்ள குடும்பம். தண்ணீர் இல்லாமல் நிலம் காய்ந்தபோது மலையேறி எழுத்து வேலைக்கு வந்தவர். எங்கள் தோட்டம் குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகவேண்டிய சின்ன ஏலத்தோட்டம். முப்பது குடும்பம் இருந்தோம். எல்லாரும் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். துரை மலையாளி. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, மேனேஜர். வெள்ளைக்காரர் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

துரைக்குத் தமிழ் வாசிக்க வராது. எங்களுக்கு மலையாளம் எழுத வராது. அதனால் ஆபீசுக்குப் போகிற தாளெல்லாம் இங்கிலீஷில்தான் போக வேண்டும் என்று ஒரு வழக்கம். லீவு வேண்டுமா, கம்பளி வேண்டுமா, கூரை ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ். லயத்தில் யாருக்குமே தெரியாத பாஷையில் லயத்துக்காரர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியது ரைட்டரின் கை. கீழே கையெழுத்தோ கைநாட்டோ மட்டும் எங்களுடையது.

அந்த வேலையை அவர் வேண்டாவெறுப்பாகச் செய்யவில்லை. வளையல்காரர் பெட்டியைத் திறந்து கையின் அளவு பார்த்து எடுத்துப் போடுவது போலச் செய்வார். ஐ, மீ, மைசெல்ஃப், ஐ மைசெல்ஃப் என்று வைத்திருப்பார். எல்லாம் 'நான்' குடும்பம்தான். ஆளுக்கும் காரியத்துக்கும் தகுந்தது எது என்று பார்த்துத்தான் பேனாவைத் திறப்பார்.

பேச்சியக்காவின் ஆடு துரை பங்களாவில் ரோஜாச் செடியை மேய்ந்துவிட்டது. விளக்கம் கேட்டுத் தாள் வந்தது.

"ஏனுங்க, ஆட்டைக் கட்டுனது யாருங்க?" என்று கேட்டார் ரைட்டர்.

"நாந்தான். வேற எவ கட்டுவா?"

"அப்ப வெறும் ஐ பத்தாதுங்க. ஐ மைசெல்ஃப் போடோணும். உங்க கையாலயே கட்டுனீங்கன்னு துரைக்கு உறைக்கோணுமல்லங்க."

"எது பெருசோ அதப் போடுங்க ரைட்டரய்யா. எதுக்கும் ஆட்டுக்கும் ஒருக்க வாசிச்சுக் காட்டிருங்க."

அவரும் சிரித்தார். தமிழில் 'நான்' என்பதோடு ஓர் 'ஏ' சேர்த்தால் 'நானே' ஆகிவிடுகிறது, இங்கிலீஷில் ஒரு முழு வார்த்தையைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது என்று எங்களுக்கு விளக்கினார். கம்பளி கேட்டு வந்த கிழவருக்கு 'மீ' போதும் என்றார். "மைசெல்ஃப்னு அழுத்திப் போட்டா எனக்கு மட்டும் குடுங்க, மத்தவங்க குளிருல கெடக்கட்டும்கற மாதிரி ஆயிருமுங்க." கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கம்பளி வந்தது. கிழவருக்கு மட்டும் இல்லை, அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வந்தது.

அவர் கோபப்பட்டு ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் சூப்ரவைசர் கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவர். தானாகவே ஒரு தாள் எழுதிக்கொண்டு வந்தார். 'மைசெல்ஃப் அண்ட் மேனேஜர்' என்று அது ஆரம்பித்தது. ரைட்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இப்படியெல்லாம் எழுதப்படாதுங்க. மைசெல்ஃபுக்குத் தனியா நிக்கறதுக்குக் காலில்லீங்க. முன்னால ஒரு ஐ நிக்கோணும். அது நின்னாத்தான் இது அதைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்."

சூப்ரவைசர், "சரி விடும் ஓய், துரைக்குப் புரிஞ்சாப் போதும்," என்றார். ரைட்டர் விடவில்லை. தாளைக் கிழித்து, வேறு தாள் எடுத்து, முன்னால் ஓர் ஐயை நிறுத்தி எழுதிக் கொடுத்தார். முன்னால் ஒன்று நிற்க வேண்டும் என்பதற்காகத் தாளில் அவ்வளவு கோபப்பட்ட மனிதர். இதை நினைத்துப் பிற்பாடு எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போக முடியவில்லை. அதுதான் என் கோபத்தை அதிகமாக்குகிறது.

கூலிக்காரிக்கும் 'ங்க' போட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். எனக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். யாராவது பேசினாலே கழுத்தைக் குனிந்துகொள்வேன். பள்ளியில் வாய் திறக்காததால் எனக்குத் தெரிந்ததும் தெரியாததாகவே போனது. அப்படிப்பட்ட என்னை அவர் "வாங்க அம்மிணி" என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் அழைப்பார்களாம். அந்த 'வாங்க'வுக்காகவே ஆபீஸ் பக்கம் போக எனக்குப் பிடிக்கும்.

என் தம்பி பிறந்த அன்று அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. காலை பத்து மணி. கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். எஸ்டேட் ஜீப் ஷெட்டில் நின்றது. துரை ஊரில் இல்லை. துரை வாய்ச்சொல் இல்லாமல் சாவியைத் தொடமாட்டேன் என்றார் டிரைவர். அப்பா அவர் காலில் விழப் போனார். அப்போது ரைட்டர் குடையை மடக்கிக்கொண்டே வந்தார். டிரைவரைப் பார்க்காமல், ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லியிருக்குதுங்க."

டிரைவர் யார் சொன்னது என்று கேட்கவில்லை. ஆபீஸ் ஆள் சொன்னால் துரை சொன்னதுதான். மலையிறங்கி அம்மாவைச் சேர்த்தோம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அன்றைக்கு யாருமே சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துரை திரும்பி வந்து கேட்டபோது, "எடுத்தாச்சுங்க. உசிரு தப்பிச்சுதுங்க," என்று ரைட்டர் சொன்னாராம். துரை முறைத்துவிட்டு விட்டுவிட்டார். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் 'சொல்லியிருக்குதுங்க' என்பது சாமி வாக்கு மாதிரி. அப்பா அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் கண்கலங்குவார்.

"அந்த மனுசன் வாயில வந்தது மனுசப் பேச்சாடே," என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

இது தெரிந்தால்தான் ஸ்டோரில் நடந்தது புரியும்.

அப்பா ஸ்டோர்க்காரர். ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் என்பது காய் உலர்த்துகிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு குழாய் வழியாக உள்ளே போகும். உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய். சூடு குறைந்தால் காய் புழுங்கும். கூடினால் வெடிக்கும், நிறம் போகும். பச்சை நிறம் போன காயைச் சந்தையில் கையால் தொடமாட்டார்கள். அப்பா தெர்மாமீட்டரைப் பார்ப்பதே இல்லை. குழாய்மேல் தண்ணீரைத் தெளித்து அது போடுகிற சத்தத்தை வைத்துச் சூடு சொல்வார்.

அந்த வருஷம் மூன்று நாள் விடாத மழை. பறித்த காய் குவிந்து கிடந்தது. மறுநாள் காலையில் ஏலச் சந்தைக்கு லாரி போகவேண்டும். மத்தியானம் அப்பாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் விறகுமேல் உட்கார்ந்திருந்தேன். ரைட்டர் குடையோடு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"சூட்டை எச்சாக்கச் சொல்லியிருக்குதுங்க."

அப்பா கஞ்சியிலிருந்து கையை எடுத்தார். "இதுக்கு மேல ஏத்தினா நெறம் போயிருமே ரைட்டரய்யா. சாயந்தரம் வரைக்கும் இந்தச் சூடே கெடக்கட்டும். காலம்பற லாரிக்கு நான் பொறுப்பு."

"காலம்பற ஆறு மணிக்கு லாரி நிக்குமுங்க."

"நிக்கட்டும். காயி கருகிப்போனா லாரில எதை ஏத்த?"

ரைட்டர் குடைக்கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "சொல்லியிருக்குதுங்க."

யார் சொன்னது என்று அப்பா கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? அந்த வார்த்தையை அன்றைக்கு டிரைவர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதால்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள். எழுந்துபோய் நாலு கட்டை விறகை எடுத்து அடுப்பில் போட்டார். ரைட்டர் போய்விட்டார். நான் அங்கேதான் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

காலையில் தட்டுகளை வெளியே எடுத்தபோது காய் வைக்கோல் நிறத்தில் இருந்தது. பாதி வெடித்திருந்தது. லாரி காலியாகப் போனது.

அன்று மத்தியானமே அப்பாவுக்குத் தாள் வந்தது. இரண்டு நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், இல்லையென்றால் வேலை நீக்கம். வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். கைக்குழந்தையோடு அம்மா, அடுத்து நான், எங்களுக்கு ஊரில் ஓட்டை வீடுகூட இல்லை. தொழிற்சங்கத்துக்காரர்கள் பெரிய எஸ்டேட்டுகளில் இருந்தார்கள். எங்களைப் போன்ற முப்பது குடும்பத் தோட்டத்துக்கு யாரும் ஏறி வந்ததில்லை.

அந்தப் பதிலையும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். எழுதுகிறவரும் அவர்தான். இந்த அநியாயம் அந்தச் சமயம் எங்கள் யாருக்கும் அநியாயமாகத் தோன்றவில்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வராந்தாவில் நிம்மதியாகவே போய் உட்கார்ந்தார். எழுதுகிறவர் நம் ஆள்தானே.

ரைட்டர் எழுதி முடித்துத் தமிழில் சொல்லிக் காட்டினார். "சூட்டை நானேதான் ஏற்றினேன். தவறு என்னுடையது. பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்."

"நீங்க வந்து சொன்னதப் போட்டாச்சா ரைட்டரய்யா?"

"அதெல்லாம் போட்டா தாளு நீளமாயிருமுங்க. கோவம்தான் எச்சாகும். ஒத்துக்கிட்டா மனசு எளகுமுங்க. அதுக்குத்தான் ஐ மைசெல்ஃப்னு அழுத்தமா போட்டிருக்குது. அழகா வந்திருக்குதுங்க."

அழகாக வந்திருக்கிறதாம்! அப்பா தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு ஒரு கும்பிடும் போட்டார்.

விசாரணை என்று ஒன்று ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. லயத்துக்காரர்கள் எல்லாரும் கீழே முற்றத்தில் நின்றோம். துரை மேசைக்குப் பின்னால். ரைட்டர் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். துரை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, நீயே ஏற்றியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று கேட்டார். அப்போதுதான் அப்பாவுக்கு அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது உறைத்தது.

"ஏத்தினது நாந்தான் தொர. ஏத்தச் சொன்னது ரைட்டரய்யா."

துரை சிரித்தார். லாரிக்கு அவசரப்படுத்தியது துரைதான் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ரைட்டர் பக்கம் திரும்பி, "ஆரு பறஞ்சது? தான் பறஞ்சோ?" என்று கேட்டார். யார் சொன்னது, நீயா சொன்னாய் என்று அர்த்தம்.

ரைட்டர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "அப்படிச் சொன்னதா ஒண்ணும் தெரியலீங்க," என்றார்.

அப்பா அவரைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்பது போலப் பார்த்தார். "ரைட்டரய்யா, அடுப்பு வாசல்ல வந்து நின்னீகளே. கொடை வச்சிருந்தீகளே."

"மழைங்க. கொடை எல்லா எடத்துக்கும்தானுங்க போகுது."

துரை முற்றத்தைப் பார்த்தார். வேறு யாராவது கேட்டீர்களா என்று தமிழிலேயே கேட்டார். பேச்சியக்கா என் முதுகில் கையை வைத்தாள். "ஏட்டி, நீ இருந்தேல்லா? சொல்லுட்டி," என்று காதுக்குள் சொன்னாள். அத்தனை பேர், துரை, மேசை. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். விரலிடுக்கில் செம்மண் இருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நான் தலை நிமிர்ந்தபோது துரை எழுந்து போய்விட்டார்.

ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்தோம். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆபீஸைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ரைட்டர் வெளியே வரவில்லை. ஜன்னலில் குடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

துரைமேல் உனக்குக் கோபம் இல்லையா என்று என் மகன் ஒருநாள் கேட்டான். துரை எங்களை ஒருநாளும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவரிடம் நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்க வைத்தவர் இவர்தான். அவருக்கும் குடும்பம் இருந்தது, அவருக்கும் பயம் இருந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பயம் எங்களுக்கும்தான் இருந்தது. ஆனால் எங்கள் பயத்தை எடுத்து இன்னொருவர் கையெழுத்துக்குமேல் நாங்கள் எழுதவில்லை.

அப்பா கம்பத்தில் திராட்சைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போனார். சூட்டைச் சத்தத்தில் சொன்ன மனிதர் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார். நான் குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கி தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ்ஸில் மலையேறி, சாயந்தரம் இறங்கிவிடுவேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு புதன்கிழமை ரைட்டர் அந்தக் கடை வாசலில் வந்து நின்றார். புதன்தோறும் அவர் குமுளிக்கு வருவது எனக்குத் தெரியும். சின்ன எஸ்டேட் ஆனதால் தபாலுக்குத் தனி ஆள் இல்லை. பூட்டுப் போட்ட கித்தான் பை ஒன்று அவர் தோளில் தொங்கும். அதற்கு இரண்டே சாவி. ஒன்று தபாலாபீசில், இன்னொன்று துரையிடம். தபாலாபீசில் எஸ்டேட் கடிதங்களைப் பையில் போட்டுப் பூட்டிக் கொடுப்பார்கள். மலைமேல் துரை கையால்தான் திறக்க வேண்டும். அவரைத் தூரத்தில் பார்த்தாலே நான் கடைக்குள் எழுந்து போய்விடுவேன்.

அன்றைக்குப் போக முடியவில்லை. "அம்மிணி," என்று கூப்பிட்டுவிட்டார். நாலாக மடித்த தாளை நீட்டினார். "அப்பாகிட்டக் குடுத்துருங்க. ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சுங்க. எழுதியாச்சுங்க."

பிரித்தேன். இங்கிலீஷ். எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்கு எனக்கு வரும். சூட்டை ஏற்றச் சொன்ன உத்தரவை ஸ்டோருக்குக் கொண்டுபோனது தான்தான் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்து. அவர் விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்க பாருங்க. வெறும் ஐ போட்டா பத்தாதுன்னு ஐ மைசெல்ஃப் போட்டிருக்குது. இந்த எடத்துக்கு அதுதானுங்க சரி."

தலையை வெட்டி எறிந்துவிட்டு, பூ எங்கே வைக்கலாம் என்று கேட்பது போல இருந்தது. தாளைப் பழையபடி நாலாக மடித்துக்கொண்டேன். பக்கத்தில் காய் பொறுக்கியவள், "யாருட்டி, மாப்பிள பாக்க வந்த ஆளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

வீட்டில் அப்பாவிடம் கொடுத்தேன். மடித்தபடியே கையில் வைத்துக்கொண்டு, "என்ன போட்டிருக்கு?" என்றார். சொன்னேன். வெகு நேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத என்னத்துக்கு எனக்குக் குடுத்தாரு? அவரு வந்து சொன்னது எனக்குத் தெரியுமே. உனக்கும் தெரியும்."

நான் தலையைக் குனிந்தேன். 'உனக்கும்' என்று அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"தொரகிட்டல்லா இதக் குடுக்கணும். திருப்பிக் குடுத்துரு," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை கடையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு தபாலாபீஸ் வாசலில் நின்றேன். அவர் வந்தார். தாளை நீட்டினேன். "அப்பா திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. இது துரைக்குப் போகவேண்டிய தாளாம்."

அவர் முகம் வெளுத்தது. தாளை வாங்கக் கையை நீட்டவில்லை. "பாத்துக்கலாமுங்க அம்மிணி. நேரம் வரட்டுமுங்க."

"எப்ப குடுப்பீங்க?"

"குடுத்துரலாமுங்க."

"யாரு குடுப்பா?"

வெயிலில் அவர் மேலுதட்டில் வியர்வை நின்றது.

"தமிழ்ல சொல்லுங்க. நான் குடுக்கிறேன்னு ஒருக்க உங்க வாயால சொல்லுங்க. இப்பவே போயிருதேன்."

என் வாழ்க்கையில் ஓர் ஆளிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வாயைத் திறந்தார். உதடு சேர்ந்தது, பிரிந்தது. சொல்லிவிடுவார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினேன். "டீ சாப்பிட்டுட்டு வந்துரலாமுங்க," என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

நான் உள்ளே போய் ஒரு கவர் வாங்கினேன். தாளைப் பிரித்து, அவருடைய கையெழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன். 'அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். ரைட்டர் வந்து சொன்னதை என் காதால் கேட்டேன். விசாரணையில் சொல்லாமல் இருந்தது என் தவறு.' என் பெயரைப் போட்டேன். துரைக்குத் தமிழ் வாசிக்க வராது என்று எனக்குத் தெரியும். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். கவர்மேல் எஸ்டேட் பெயரையும் மேனேஜர் என்பதையும் இங்கிலீஷில் எழுதினேன். ஜன்னலில் நீட்டினேன். தபால்காரர் முத்திரை குத்தி, எஸ்டேட் கட்டோடு சேர்த்து வைத்தார்.

அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. துரையிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தபால் பைக்கு வேறோர் ஆள் வந்தார். ரைட்டர் ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுத்தாயே என்று அம்மா என்னைத் திட்டினாள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டுதான் திட்டினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம். எனக்குக் கோபம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு வந்தவர், எதிரில் நின்ற என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். பூட்டிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். என் கையில் தாள் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தார். என் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"போட்டாச்சுங்களா?" என்றார்.

"நான் போட்டேன்," என்றேன்.